எஃப்டிஏ பதிவு: ஏஜென்ட்டுக்குக் கொடுத்த 35,000 ரூபாயும் நானே செய்த இரண்டாம் பதிவும்

குமுளியில் ஏலக்காய் வாங்கி, சலித்து, தரம் பிரித்து பேக்கிங் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. அமெரிக்காவுக்கு உணவுப்பொருள் அனுப்பினால், இங்கே பேக்கிங் செய்யும் இடத்தையும் அந்த நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏவில் பதிய வேண்டும். 2002-ல் வந்த பயோடெரரிசம் சட்டத்தின்படி இது கட்டாயம். இது தெரியாமல் ஒரு ஏஜென்ட்டிடம் 35,000 ரூபாய் கொடுத்தேன். அவர் பொன் முத்திரை பதித்த சர்டிபிகேட் ஒன்றை ஃபிரேம் போட்டே தந்தார், நாங்களும் கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, எஃப்டிஏ அப்படி ஒரு சர்டிபிகேட்டே கொடுப்பதில்லை. அவர்கள் கொடுப்பது ஒரு எண் மட்டும்தான். பதிவுக்குக் கட்டணமும் கிடையாது.

இதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. பதிவில் என் மெயிலுக்குப் பதிலாக அந்த ஏஜென்ட் தன் மெயிலைப் போட்டிருந்தார். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை. அவர் மறுபடி பணம் கேட்டார், நான் தயங்கினேன், நாள் கடந்து பதிவு காலாவதியாகிவிட்டது.

சரி என்று நானே எஃப்டிஏ தளத்தில் உட்கார்ந்து புதிதாகப் பதிந்தேன். தளத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பார்க்கப் பழைய காலத்துத் தளம் மாதிரிதான் இருக்கிறது, பக்கம் பக்கமாகக் கேள்வி, எல்லாம் இங்கிலீஷ். ஆனால் கேட்பதெல்லாம் நமக்குத் தெரிந்த விஷயம்தான்: யூனிட் எங்கே, என்ன பொருள், அங்கே என்ன வேலை நடக்கிறது. சிக்கல் வந்தது டன்ஸ் நம்பரில், அதாவது ஒவ்வொரு தொழிலிடத்துக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண்ணில். அதையும் இதற்காக இலவசமாகவே வாங்கலாம், ஆனால் அதில் உள்ள பெயரும் முகவரியும் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். குமுளியை இங்கிலீஷில் எழுதும்போது கடைசி எழுத்து i-யா y-யா என்று ஜிஎஸ்டி தாளில் ஒன்று, பஞ்சாயத்து லைசென்சில் வேறொன்று இருந்தது. அதைச் சரிசெய்வதற்குள்தான் நாள் ஓடிவிட்டது, பதிவு செய்யும் வேலை ஒரே மாலையில் முடிந்தது.

எஃப்டிஏ நம்மைத் தொடர்புகொள்ள, அமெரிக்காவில் இருக்கும் ஒருவரை யுஎஸ் ஏஜென்ட்டாகக் காட்டியாக வேண்டும். அதற்கும் ஆளாளுக்கு வருஷ வாடகை மாதிரி கேட்கிறார்கள். நம்மிடம் சரக்கு வாங்குபவரே இருக்கலாம், எங்களுக்கு அவர்தான் ஒப்புக்கொண்டார். அவருக்கு மெயில் போகும், 10 வேலை நாளுக்குள் அவர் சம்மதம் சொன்னால்தான் எண் வரும், அதனால் முன்கூட்டியே போனில் சொல்லி வையுங்கள்.

எண் வந்துவிட்டால் சரக்கு பாஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு என்பது அனுமதி இல்லை. கப்பலில் போகும் சரக்குக்கு, அது துறைமுகம் சேர்வதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன்பே எஃப்டிஏவுக்கு முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும், அதில் இந்த எண்ணைக் கேட்பார்கள். அங்கே சாம்பிள் எடுத்து, வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இருந்தால் நிறுத்திவிடுவார்கள். பூச்சிமருந்தும் அப்படித்தான்: எந்தப் பயிருக்கு எந்த மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்று அவர்களிடம் கணக்கு உண்டு, ஏலக்காய்க்குப் பொருந்தும் அளவு எதுவும் குறிக்காத மருந்து காயில் இருந்தால் அந்தச் சரக்கு போகாது. நம் மலையில் அடிக்கிற மருந்துக்குக் கணக்கே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் காய் வாங்கும்போதே தோட்டத்துக்காரரிடம் கடைசியாக என்ன அடித்தீர்கள், என்றைக்கு அடித்தீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். வாங்குபவரும் அவர்கள் சட்டப்படி நம்மைச் சரிபார்க்க வேண்டியவர்தான், லேப் ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

போடி, கம்பம் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்கள் யாரை வைத்துப் பதிந்தாலும் மெயிலும் பாஸ்வேர்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அடுத்த புதுப்பிப்பு 2026 அக்டோபரில் தொடங்குகிறது.