மூன்று வருடமாக ஒரே எபிசோட்: ஐஸ் கம்பெனி இரவுகளும் டீப் ஹவுஸும்

இரண்டு மணி நான்கு நிமிடம் ஓடும் ஒரே ஒரு பாட்காஸ்ட் எபிசோடை 2022 நவம்பரிலிருந்து கேட்டு வருகிறேன். வாரத்துக்கு மூன்று தடவையாவது ஓடிவிடும். ஹவுஸ் என்பது கிளப்புகளில் ஆடுவதற்கான ஒரு இசை. அதன் வகைகளான டீப் ஹவுஸும் சோல்ஃபுல் ஹவுஸும் மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரு டிஜே இடைவெளியே இல்லாமல் கோர்த்துத் தந்த தொகுப்பு அது. மொத்தம் 19 பாட்டு. அதில் ஒன்றைக்கூட அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எபிசோடின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அது இப்போது எந்தச் செயலியிலும் இல்லை. இந்த மாதிரி மிக்ஸ்களில் அடுத்தவர் பாட்டுகள்தான் இருக்கும் என்பதால், உரிமைப் பிரச்சினை வந்து எடுத்துவிடுவது சகஜம். உங்களைத் தேடி அலைய வைத்துப் பயனில்லை. ஆனால் இதே வகையில் நிறைய எபிசோடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து வருடக்கணக்கில் கூடவே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ராமேஸ்வரம் தீவுக்கு எதிரே இருக்கும் மண்டபம் என்ற ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரவு ஆபரேட்டர். வீடு பாலம் தாண்டித் தீவில், தங்கச்சிமடம். இரவு ஒன்பதுக்கு ஏறினால் காலை ஆறு வரை வேலை. கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மணிக்கு ஒரு தடவை பிரஷரையும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் குளிரையும் நோட்டில் எழுத வேண்டும். விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் என்றால் விடியும் முன்பே ஐஸ் ஏற்றிவிட வேண்டும், அப்போது தலைக்கு மேல் வேலை. மற்ற இரவுகளில் தூக்கத்தோடுதான் சண்டை.

கப்பலில் ஆயிலராக இருக்கும் என் மச்சான் லீவுக்கு வந்தபோது இதை என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தான். அவனுக்கு அதைக் கொடுத்தவர் அதே இஞ்சின் ரூமில் வேலை பார்த்த தென்னாப்பிரிக்கர். அந்த நாட்டில் டீப் ஹவுஸ் வீட்டு விசேஷங்களிலும் வாடகை வேன்களிலும் ஓடுகிற இசை என்று அவர் சொன்னாராம். (பிளாக் காஃபி என்ற தென்னாப்பிரிக்க டிஜே 2022-ல் கிராமி விருது வாங்கியதை நான் பிறகுதான் படித்தேன்.)

முதல் மாதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, பிடி கிடைக்கவில்லை என்பதுதான் சரி. என்னோடு ஐஸ் கட்டி இறக்குகிற மாமா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காதில் வாங்கிக் கேட்டார். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இதுல பாட்டு எப்பத்தான் வரும்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். பல்லவி, சரணம் என்று காது பழகியவர்களுக்கு இந்த இசையில் நிற்க இடமே இல்லாத மாதிரி இருக்கும். டும், டும், டும், டும் என்று நான்கு அடியும் ஒரே கனத்தில் விழும். இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் கைதட்டல். அடிக்கும் அடிக்கும் நடுவில் 'ட்ஸ்' என்று ஹை-ஹாட், அதாவது டிரம் செட்டில் இருக்கும் தாளத்தட்டு. இதுவே நிமிடக்கணக்கில் போகும்.

பிடி கிடைத்தது ஒரு பெல்ட்டால். எங்கள் கம்ப்ரசர் பழசு. பெல்ட்டில் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் புல்லியில் பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் போடும். மிஷினைக் கவனிக்க வேண்டும் என்பதால் நான் எப்போதும் ஒரு காதில்தான் இயர்போன் வைப்பேன். ஒரு காதில் டும், மறு காதில் டக். இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றாக விழும், பிறகு மெல்ல விலகும், விலகி விலகி ஒரு கட்டத்தில் சகிக்க முடியாமல் முட்டிக்கொள்ளும், மறுபடி சேரும். இந்த விலகலைத்தான் டிஜே ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் சரிக்கட்டுகிறார் என்பது ஒரு ராத்திரி சட்டென்று பிடிபட்டது. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 119 அடி என்றால் அடுத்தது 121 ஆக இருக்கும். அப்படியே விட்டால் என் பெல்ட் மாதிரி முட்டிக்கொள்ளும். ஒன்றின் வேகத்தை மயிரிழை கூட்டியோ குறைத்தோ இரண்டையும் ஒரே அடியில் நடக்கவைத்துவிட்டுத்தான் கை மாற்றுகிறார்.

அதற்குப் பிறகு நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு பாட்டு அடுத்ததோடு சேரும் ஒட்டுகளைக் கேட்க ஆரம்பித்தேன். இந்த எபிசோடின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

47-வது நிமிடத்தில் வருகிற ஒட்டை மட்டும் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் ஒரு எலக்ட்ரிக் பியானோ இரண்டே கார்டை (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது ஒரு கார்டு) மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் எங்கிருந்தோ மெலிதாக ஒரு புது ஹை-ஹாட் வந்து சேரும். பழையதைவிடக் கொஞ்சம் கரகரப்பு. நூறு தடவை கேட்ட பிறகுதான் அது வேறு பாட்டுடையது என்றே எனக்குத் தெரிந்தது. 16 பார் (நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார்) கழித்துப் புதுப் பாட்டின் கைதட்டல் வரும். 120 வேகத்தில் ஒரு பார் சரியாக இரண்டு நொடி, ஆக 32 நொடி. இதுவரை பேஸ், அதாவது கீழ்ச்சத்தம், பழைய பாட்டுடையதுதான். இரண்டு பேஸ் ஒன்றாக ஓடினால் சேறு கலக்கிய மாதிரி ஆகிவிடும் என்பதால், புதியதன் கீழ்ச்சத்தத்தை டிஜே திருகி அடைத்து வைத்திருக்கிறார். பிறகு ஒரே அடியில் பழைய பேஸ் போய்ப் புது பேஸ் விழும். அந்த நொடியில் பியானோ மட்டும் மாறாமல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதே இரண்டு கார்டுக்கு இப்போது வேறு முகம் வந்திருக்கும். சற்று முன்வரை ஏக்கமாக இருந்தது, இப்போது நிம்மதியாக இருக்கும். இரண்டு பாட்டின் சுருதியும் பொருந்தினால்தான் இது நடக்கும். 19 பாட்டைப் பொறுக்கியவர் என்ன யோசித்துப் பொறுக்கினார் என்பதற்கு எனக்கு இந்த ஒரு இடம் போதும்.

முதல் ஒரு மணி நேரம் டீப் ஹவுஸ்: குரல் குறைவு, கார்டுகள் நீளம், சத்தம் தாழ்ந்தே இருக்கும். அடுத்த மணி நேரம் மெல்ல சோல்ஃபுல் பக்கம் சாய்கிறது, குரல்கள் வருகின்றன. 1:12-ல் ஒரு பெண் குரல் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, பின்னால் ஒரு கூட்டம் அதைத் திருப்பிச் சொல்கிறது. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் காஸ்பல் என்னும் பக்திப் பாட்டைப் பாடும் முறையிலிருந்து வந்தது இது. மாமாவுக்குத் தேவாலயம் நினைவுக்கு வரவில்லை. அவர் அப்பா தனுஷ்கோடியில் இருந்தவர், 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர். மாமா சின்ன வயதில் தெற்குக் கடலில் கரைவலை இழுத்திருக்கிறார். அந்த இடம் வந்ததும் இயர்போனைக் கழற்றாமலே, "இது அம்பாடா" என்றார்.

கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பா. ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். பதில் விழுகிற அடியில்தான் குதிகாலை மணலில் ஊன்றி ஒரு எட்டு பின்னால் வைப்பார்கள். மாமா எழுந்து நின்று காட்டினார். கையில் கயிறு இல்லை, ஆனால் தோள் பின்னால் சாய்ந்திருந்தது. காதில் கூட்டம் பதில் சொல்ல, அவர் ஈரத் தரையில் எட்டு வைத்தார். அடி பிசகவில்லை. "ஆள் தளர்ந்தா அம்பாவ நிறுத்த மாட்டாங்க மாப்ளே, இன்னொருத்தன் வாங்கிக்குவான். வலை கரைக்கு வர்ற வரைக்கும் பாட்டு அறக் கூடாது" என்றார். அன்றிலிருந்து ஐஸ் ஏற்றாத இரவுகளில் அவரே வந்து கேட்பார்.

இந்த இசை எங்கே பிறந்தது என்று அப்புறம் படித்தேன். சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப். 1977-லிருந்து அங்கே ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு ஓட்டினார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் தன்பாலீர்ப்பாளர்கள். மற்ற இடங்களில் தயக்கமில்லாமல் ஆட முடியாதவர்கள். அந்த வேர்ஹவுஸின் பின்பாதிதான் 'ஹவுஸ்' ஆனது என்கிறார்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ முடிந்தது என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்தில்தான் இவர்கள் பழைய டிஸ்கோவையும் சோல் பாட்டுகளையும் நீட்டி ஒட்டி, டிரம் மிஷினைச் சேர்த்து வேறொன்றாக்கினார்கள். டீப் ஹவுஸ் என்று தனியாகப் பிரிந்ததில் லாரி ஹெர்டுக்குப் பெரிய பங்கு. அவர் அடிப்படையில் டிரம்மர். 1980-களின் நடுவில் ஒரு சிந்தசைசரும் டிரம் மிஷினும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து செய்தவர். தனியாக ஒருவர் ராத்திரியில் செய்த இசை என்பது என் காதுக்குத் தெரிகிறது. சோல்ஃபுல் பக்கம் நியூயார்க், நியூஜெர்சி கிளப்புகளில் வளர்ந்தது. இதெல்லாம் தெரியாமலும் கேட்கலாம். தெரிந்த பிறகு அந்தக் கூட்டுக்குரல் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடுவில் மூன்று இடத்தில் டிஜே பேசுகிறார். இரண்டு பரவாயில்லை. எங்கள் கரையில் அப்பா காலத்து ஆட்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். அறிவிப்பாளர் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பாட்டுக்கு வழிவிட வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. மூன்றாவது தடவை, 1:31-ல், பாட்டின் மிக நல்ல இடத்தில், பேஸ் அடங்கிக் குரல் மட்டும் நிற்கிற இடத்தில், குறுக்கே பேசுகிறார். மூன்று வருடமாக அது உறுத்துகிறது. பதினைந்தாவது பாட்டு தேவைக்கு மேல் நீளம். பாட்டுப் பட்டியல் கொடுத்தவர்கள் எந்த நிமிடத்தில் எது என்று குறிக்கவில்லை, நானே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கேட்கிற முறையில் நான் செய்த தவறுகள் உங்களுக்கு வேண்டாம். பாட்காஸ்ட் செயலிகளில் அமைதியான இடங்களைக் கத்தரிக்கும் வசதி ஒன்று இருக்கும். பேச்சுக்கு நல்லது, இதற்கு நஞ்சு. அதை அணைக்காமல் இருந்ததால், அடி எதுவும் இல்லாமல் கடல் இரைச்சல் மாதிரி மெல்ல எழும் ஆரம்பத்தில் பாதியை நான் பல வாரம் கேட்கவே இல்லை. வேகத்தையும் 1-லேயே வையுங்கள். பாட்டு பாட்டாக வெட்டி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒட்டு போய்விடும். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் வராது. பேஸ் இல்லாமல் இந்த இசையைக் கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று முடிவுகட்டுவது, உப்பில்லாமல் மீன்குழம்பைக் குடித்துவிட்டுச் சொல்வது போல.

320 கேபிபிஎஸ் தரத்தில் கோப்பு கிட்டத்தட்ட 300 எம்பி வரும். இடம் போகிறதே என்று 128-க்குக் குறைத்துப் பார்த்தேன், 120 எம்பி ஆனது, ஆனால் ஹை-ஹாட் தண்ணீரில் நனைந்த மாதிரி ஆகிவிட்டது. பெரிய கோப்பையே வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் இயர்போன் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும், ஒரு பக்கம் மட்டும் வரும். வாரம் ஒரு தடவை துடைக்கிறேன். இரண்டாவது வருடம் ஃபோன் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. செயலியில் தேடினால் எபிசோட் எடுக்கப்பட்டிருந்தது. மச்சான் கப்பலிலிருந்து இறங்கி வரும் வரை ஐந்து மாதம் அது இல்லாமல் இருந்தேன். இப்போது மெமரி கார்டில் ஒன்று, தங்கச்சியின் லேப்டாப்பில் ஒன்று. பிடித்த எபிசோடை முதல் நாளே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

கடைசி 20 நிமிடத்தை வேலை நேரத்தில் கேட்பதில்லை, காலை பஸ்ஸுக்கு மிச்சம் வைக்கிறேன். பாம்பன் ரோடு பாலத்தில் பஸ் ஏறும்போது பதினெட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் அலை இருக்கும், ஒரு பக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்; வாடைக் காலத்தில் அது அப்படியே பக்கம் மாறிவிடும். கீழே புது ரயில் பாலம். டிரம் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் கைதட்டலும் போய், இரண்டு கார்டு மட்டும் மிஞ்சும்போது அக்காள்மடம் வந்திருக்கும்.

மச்சான் இந்தத் தடவை அதே டிஜேயின் இன்னொரு எபிசோடைக் கொண்டுவந்திருக்கிறான். பதினொரு தடவை கேட்டாகிவிட்டது. 38-வது நிமிடத்தில் ஒரு ஒட்டு எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை, மாமாவும் அந்த இடத்தில் தலையை ஆட்டுகிறார். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் ஐஸ் கம்பெனியில் வேலை மந்தம். அதற்குள் அது எங்களுக்கு வசப்படுகிறதா பார்க்கிறோம்.