பிளிக்கர்ஸ்: வகுப்பில் எல்லாரையும் பதில் சொல்ல வைக்கிற அட்டை

மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் எடுக்கிறேன். கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் இருக்கிற அதே நாலு பேர்தான் வாயைத் திறப்பார்கள், மற்றவர்கள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள், இது வாத்தியார் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதைச் சரி செய்கிறோம் என்று வந்திருக்கிற செயலிகளில் எங்கள் வகுப்புக்கு நிஜமாகவே உதவியது பிளிக்கர்ஸ். நம் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காஹூட், மென்டிமீட்டர் என்று மாணவர் போனிலேயே பதில் சொல்கிற செயலிகளும் மோசமில்லை. ஆனால் இரண்டுக்குமே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் போனும் நெட்டும் வேண்டும். எங்களிடம் வகுப்புக்குள் போன் எடுக்கவே கூடாது, அப்படியே அனுமதித்தாலும் உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளில் சிலருக்கு வீட்டுக்கே ஒரு போன்தான், அது அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். அப்புறம் காஹூட்டில் சீக்கிரம் அமுக்குகிறவருக்குக் கூடுதல் புள்ளி. நிதானமாக யோசிக்கிற பிள்ளை பின்தங்கிப் போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பிளிக்கர்ஸில் போன் ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும். மாணவர் கையில் இருப்பது ஒரு காகித அட்டை, க்யூஆர் கோடு மாதிரி கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எண், நான்கு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் பதில் எதுவோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், நாம் கேமராவை வகுப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோனால் யார் என்ன சொன்னார்கள் என்று நம் போனில் வந்துவிடும். கட்டங்களின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, எழுத்தும் சிறியது, அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்புவது சுலபமில்லை. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்கிற பயம் இல்லாமல் போகிறது, என்னைக் கேட்டால் இதன் பெரிய பலமே அதுதான்.

முதலாண்டு வகுப்பில் நான் கேட்கிற ஒரு கேள்வியைச் சொல்கிறேன். கல்லை நேராக மேலே எறிகிறோம், காற்றின் தடையை விட்டுவிடுங்கள், உச்சியில் அதன் முடுக்கம் எவ்வளவு? பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகள்கூட பாதிக்குமேல் சுழியம் என்றுதான் அட்டையைத் திருப்புகிறார்கள், திசைவேகத்தையும் அது மாறுகிற வீதமான முடுக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால். நான் விடையைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசுங்கள் என்று விட்டுவிடுவேன். அப்படி ஒருநாள் மூன்றாவது பெஞ்சில், அதுவரை வகுப்பில் குரலே கேட்டிராத ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஏ புள்ள, மேல போய் நின்ன கல்லு கீழ வருதுல்ல, அப்ப அந்த எடத்துலயும் பூமி இழுத்துக்கிட்டுத்தான இருக்கு? இழுக்கலேன்னா அங்கனயேல்ல நின்டுரும்!" நான் அரை மணி நேரம் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மறுபடி அட்டையைத் தூக்கச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் சரியான விடையான 9.8 (பூமி இழுப்பதால் வருகிற முடுக்கம், மீட்டர்/விநாடி²) பக்கம் வந்துவிட்டார்கள்.

இப்படிப் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடி கேட்கிற வழி என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இலிருந்து செய்துவருவதுதான். ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேச விடு, அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்து, மேலே என்றால் அடுத்ததுக்குப் போ என்பது கணக்கு. மாணவரைப் பங்கேற்க வைக்கிற வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஒரு கட்டுரையில், வெறும் விரிவுரையில் 33.8 சதவீதம் பேர் தோற்ற இடத்தில் இப்படிப்பட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம்தான் தோற்றிருக்கிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அரியர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

குறைகளும் உண்டு. ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 63 அட்டைதான், பெரிய பிரிவு என்றால் இரண்டிரண்டு பேருக்கு ஓர் அட்டை கொடுக்க வேண்டியதுதான். இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு 5 கேள்வி என்கிற வரம்பு, எனக்கு அது போதும், ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் நல்ல கேள்வி கேட்க முடியாது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு சரி, கணக்கைப் படிப்படியாகப் போட வைக்கவோ வரைபடம் வரைய வைக்கவோ இது ஆகாது. எங்கள் பழைய கட்டடத்து நீளமான ஹாலில் கடைசி பெஞ்சு அட்டைகளைப் பிடிக்க நாலடி முன்னால் நடக்கவும் வேண்டும். முக்கியமாக, கேள்வி சப்பையாக இருந்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. வரையறையை ஒப்பிக்கச் சொல்கிற கேள்விக்கு அட்டை எதற்கு?

செலவு அச்சுக்கு மட்டும்தான். அவர்கள் தளத்திலேயே பிடிஎஃப் இருக்கிறது, பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற எந்த பிரிண்ட் கடையிலும் கெட்டி அட்டையில் அடித்துத் தருவார்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமரா திணறும், மேட் என்று கேட்டு வாங்குங்கள். கட்டங்களை விரலால் மறைக்காமல் ஓரத்தில் பிடிக்க முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். புரொஜெக்டர் இல்லாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினாலே போதும். அட்டைக்கு எண்தான் உண்டு, பெயர்ப் பட்டியல் செயலியில் வகுப்பு வாரியாக இருப்பதால் ஒரே செட்டை எத்தனை வகுப்புக்கும் வைத்துக்கொள்ளலாம், துறைக்கு ஒன்று அடித்து வைத்தால் வருஷக்கணக்கில் வரும்.