நூலகமா, பாடமா: குழந்தைகளுக்கான வாசிப்புச் செயலிகளில் நாங்கள் எதற்குச் சந்தா கட்டினோம்

குழந்தைகளுக்கான வாசிப்புச் செயலிகளைத் தேடினால் வந்து நிற்பவை எல்லாம் ஒரே அச்சாகத் தெரியும். உருண்டைக் கண் விலங்கு ஒன்று, பளிச்சென்ற நிறங்கள், முதல் சில நாள் இலவசம், அப்புறம் சந்தா. உள்ளே போய்ப் பார்த்தால் இவற்றில் இரண்டு வகைதான். ஒன்று நூலக வகை. எபிக் இதற்கு நல்ல உதாரணம்: நாற்பதாயிரத்துக்கு மேல் புத்தகங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள் என்று குழந்தையிடம் விட்டுவிடும். இன்னொன்று பாட வகை: ரீடிங் எக்ஸ் (Reading Eggs), ஹோமர், ஏபிசி மவுஸ் போன்றவை. எழுத்தின் ஒலியில் தொடங்கி, சொல், வாக்கியம் என்று படிப்படியாகக் கூட்டிப் போகும்.

நாங்கள் இரண்டு வகையையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எபிக்கை வைத்துக்கொண்டோம். மகளுக்கு அப்போது ஆறாவது வயது நடந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் தெரியும், சின்னச் சொற்களைக் கூட்டிப் படிப்பாள். இதே குழந்தைக்கு நாலு வயதில் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படங்கள் நன்றாக இருக்கின்றனவா, உச்சரிப்பு தெளிவா, டேப்லெட்டில் ஓடுமா என்பதில் எல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. காசு வாங்குகிற செயலிகள் இந்த அளவுக்காவது ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள்.

பாட வகையின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரீடிங் எக்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது, 2008 முதல் இருக்கிறது. முதல் கட்டத்தில் மட்டும் 120 பாடங்கள். ஆரம்பத்தில் ஒரு சிறு தேர்வு வைத்து, குழந்தை எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று அதுவே முடிவு செய்கிறது. ஒவ்வொரு பாடமும் ஒரு குட்டிப் புத்தகத்தில் முடியும். முட்டை பொரிந்து ஒரு புது ஜந்து வரும். பெற்றோர் பக்கத்தில் உட்காராவிட்டாலும் வண்டி ஓடும். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இது லேசான விஷயம் இல்லை. எழுத்தே தெரியாத குழந்தைக்கு நூலகத்தைத் திறந்துவிட்டு என்ன பயன்? அங்கே பாடம்தான் சரி. ஆனால் அதற்கும் முதலில் காசு கட்ட வேண்டாம். கான் அகாடமி கிட்ஸ் 2018-லிருந்து இலவசமாக இருக்கிறது, விளம்பரமும் கிடையாது. எழுத்து, ஒலி, கதை என்று மூன்றும் அதில் உண்டு. அதை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, போதவில்லை என்றால் சந்தாவுக்குப் போகலாம்.

இனி, எங்கள் முடிவை எது தீர்மானித்தது என்று சொல்கிறேன். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற விஷயம்தான்.

இந்த வயதுக் குழந்தைகளுக்கு நாற்பதாயிரம் புத்தகம் ஒரு கணக்கே இல்லை. ஒரு கதை பிடித்துவிட்டால் அதையேதான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அது பல்வலிக்கார முதலை ஒன்றின் கதை. முதலில் 'எனக்குப் படித்துக் காட்டு' முறையில் கேட்டாள். குரல் படிக்கப் படிக்க, அந்தந்தச் சொல் நிறம் மாறும். சில நாள் வெறுமனே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல் அந்த நிறத்தின் பின்னால் போக ஆரம்பித்தது. அதற்கப்புறம் குரலை முந்திக்கொண்டு வரியைச் சொன்னாள். மனப்பாடம்தான், படிப்பு இல்லை, எனக்கும் தெரியும். ஒரு நாள் ஒலியை அணைத்துவிட்டுக் கொடுத்தேன். மனப்பாடத்தில் சொல்லிக்கொண்டே போனவள், சொல்லும் வரியும் பொருந்தாத ஓர் இடத்தில் நின்றாள். பின்னால் போய் எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். என்னைப் பொறுத்தவரை வாசிப்பு அங்கேதான் தொடங்கியது.

அந்தக் கதையில் முதலை அடிக்கடி 'எனஃப்!' (enough) என்று கத்தும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை ஒலிவிதியை வைத்துக் கூட்டிப் படிக்கவே முடியாது. கடைசி இரண்டு எழுத்துகளுக்கும் 'ஃப்' என்ற ஒலிக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. வேறொரு புத்தகத்தில் அதே சொல் வந்தபோது, யாரும் கேட்காமலே படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். ஆங்கிலத்தில் இப்படி விதிக்கு அடங்காத சொற்கள் மூலைக்கு மூலை உட்கார்ந்திருக்கின்றன. ஒலிப்பாடம் பாதி தூரம் கூட்டிப் போகும், மீதி தூரம் கண்ணுக்குப் பழகித்தான் ஆக வேண்டும்.

பாட வகையில் இந்தத் திரும்பப் படித்தலுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. முடிந்த பாடத்துக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் பாடங்களின் வரைபடம், முட்டை, அடுத்த படி என்று மொத்த அமைப்பும் குழந்தையை முன்னால்தான் இழுக்கிறது. பாட முடிவில் வரும் குட்டிப் புத்தகங்களும், அன்றைக்குக் கற்ற சொற்களை வைத்து எழுதியவை. பயிற்சிக்கு நல்லவை. இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் குழந்தை அடம்பிடிக்கிற மாதிரி கதை அவற்றில் எனக்கு அகப்படவில்லை.

நூலக வகையிலும் இதைக் கெடுக்கிற ஒன்று உண்டு: பேட்ஜ். முடித்த புத்தகங்களின் எண்ணிக்கைக்குப் பரிசு தருகிற எந்தச் செயலியிலும் குழந்தை பக்கங்களை விசிறித் தள்ளத்தான் செய்யும். அதனால் எண்ணிக்கையைப் பற்றி வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டோம். 'இன்றைக்கு எத்தனை?' என்பதற்குப் பதில் 'முதலை என்ன ஆச்சு?' என்று கேட்போம். புத்தகத்தைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலையும் பெற்றோர் தலையில்தான் விழும். வாரத்துக்கு நாலைந்து கதைகளை நான் முதலில் புரட்டிப் பார்த்து, பிடித்தவை பட்டியலில் போட்டு வைக்கிறேன். இதைச் செய்ய நேரமில்லாத வீட்டில் நூலகச் சந்தா வீண்.

திரையில் படிப்பதைப் பற்றிய ஆய்வுகளும் கதைதான் முக்கியம் என்ற பக்கமே கை காட்டுகின்றன. ஒன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஒரு அலசல் வந்தது. காகிதத்திலும் திரையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான புத்தகம் என்றால், கதை புரிவதில் காகிதம் முந்துகிறது. திரையில் சேர்க்கிற அம்சம் கதையோடு ஒட்டியதாக இருந்தால் திரை முந்துகிறது. சொல்லைத் தொட்டால் பொருள் சொல்லும் அகராதி, சொல்வளத்துக்கு உதவினாலும் கதை புரிவதற்கு உதவவில்லை. நாங்கள் அகராதியைத் தொடுவதில்லை. பிடித்துப்போன கதை அச்சில் கிடைத்தால் வாங்கிவிடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. திரும்பப் படிப்பதுதான் அளவுகோல் என்றால், சந்தாச் செயலிகள் அனைத்தையும் ஒரு இலவசத் தளம் தோற்கடித்துவிடுகிறது. குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர்தான் அது. கதைகள், யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் படைப்பாக்கப் பொது உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ்) இருப்பதால் இறக்கி வைத்துக்கொள்ளலாம், அச்சிட்டு ஒட்டித் தைத்துப் புத்தகமாகவே கையில் கொடுக்கலாம். தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசிப்புக்கு எந்தச் சந்தாவும் கட்டத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். உயிர்மெய் வரிசை கைக்கு வந்துவிட்டால் தமிழில் பெரும்பாலான சொற்களைக் கூட்டிப் படித்துவிட முடியும். அதற்கப்புறம் வேண்டியது கதைகள்தான். பின் எபிக்குக்கு ஏன் காசு? ஆங்கிலத்தில் அச்சுப் பதிப்பகங்களின் புத்தகங்கள் குரலோடு ஒரே இடத்தில் கிடைப்பதற்காக. அவ்வளவுதான்.

சந்தாப் புத்தகம் நம் புத்தகம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பதிப்பகத்தோடு உள்ள ஒப்பந்தம் முடிந்தால் கதை காணாமல் போகலாம். நிறுவனமும் கை மாறும்: எபிக்கை 2021-ல் பைஜூஸ் 50 கோடி டாலருக்கு வாங்கியது, பைஜூஸ் நொடித்துப்போன பிறகு 2025-ல் அது வேறு கைக்குப் போனது. செயலி நின்றுவிடவில்லை. இருந்தாலும் ஓர் ஆண்டுக்கு மேல் முன்பணம் கட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

ரத்து செய்வது பற்றி ஒரு வார்த்தை. செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. எங்கே வாங்கினோமோ அங்கேயே போய் நிறுத்த வேண்டும்: ஆப் ஸ்டோரில் வாங்கியதை ஆப் ஸ்டோரில், தளத்தில் வாங்கியதைத் தளத்தில். ஆப்பிளில் என்றால் இலவசக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ரத்து செய்வது சிக்கலாகும் என்ற பயம் வெறும் வதந்தி இல்லை. ஏபிசி மவுஸை நடத்தும் நிறுவனம், சந்தாவை ரத்து செய்வதைக் கடினமாக்கியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக 2020-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தோடு ஒரு கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நாங்கள் இலவசமாகப் பார்த்த செயலிகளில் ஒன்று, 'நிச்சயமாகப் போகிறீர்களா?' என்று திரைக்குத் திரை கேட்டுக் கெஞ்சியது. சேர்ந்த அன்றைக்கே போனில் நினைவூட்டல் போட்டு வைத்ததால் தப்பித்தோம்.

ஹோமரையும் ஏபிசி மவுஸையும் இலவசக் காலத்துக்கு மேல் நாங்கள் பயன்படுத்தவில்லை. அவற்றின் பாடங்கள் நீண்ட ஓட்டத்தில் எப்படி என்று என் வாயால் சொல்வது நியாயமாகாது. எழுத்துகள் குழம்புகிற, வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தும் என்றும் நினைக்கவில்லை. அங்கே படிப்படியான பாடமும், அதைவிட முக்கியமாகப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் தேவை. எங்கள் சின்னவனுக்கு மூன்று வயது. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்குச் சந்தா கட்ட என்ன இருக்கிறது? கான் அகாடமி கிட்ஸில் கொஞ்ச நேரம், அச்சிட்ட ஸ்டோரிவீவர் கதைகள் மீதி நேரம். எபிக்கில் அவனுக்கென்று தனிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை.