எம்.ஆர்.ஐ. பேஸ்மேக்கர்: கூடுதல் காசுக்குத் தகுமா?

தகும். பேஸ்மேக்கர் வைக்கிற வயதில் முதுகுத்தண்டுக்கோ பக்கவாதத்துக்கோ என்றாவது எம்.ஆர்.ஐ. எழுத வாய்ப்பு அதிகம். ஆனால் 'கம்பாட்டிபிள்' (எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துப்போகும்) என்பது விற்பவர் சொல். கம்பெனிக் காகிதத்தில் இருப்பது 'எம்.ஆர். கண்டிஷனல்', அதாவது நிபந்தனைக்கு உட்பட்டது.

முதல் நிபந்தனையிலேயே பலர் ஏமாறுகிறார்கள். பெட்டி மட்டும் போதாது, பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியான லீடும் கம்பெனியின் அதே கண்டிஷனல் பட்டியலில் இருக்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவில் மெட்ரானிக் கம்பெனியின் ரெவோ பேஸ்மேக்கருக்கு அனுமதி கிடைத்தபோதும் பெட்டியும் லீடும் சேர்த்துத்தான். பேட்டரி தீர்ந்தால் பழைய லீடிலேயே புதுப் பெட்டியை மாட்டுவது வழக்கம். அந்த லீட் பட்டியலில் இல்லையென்றால் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். எடுக்காமல் நெஞ்சிலேயே விட்ட பழைய லீட் இன்னும் மோசம். ஸ்கேனின் ரேடியோ அலையில் அதன் நுனி சூடேறும். பேஸ்மேக்கர் அட்டையில் இல்லாததை நெஞ்சு எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேன் ஓடும்போது எழும் மின் இரைச்சலை, இதயம் தானாகத் துடிக்கிறது என்று பேஸ்மேக்கர் தப்பாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். அதையே நம்பியிருப்பவருக்குத் துடிப்பு நின்றுபோகும். அதனால் எதையும் கவனிக்காமல் வைத்த வேகத்தில் அடிக்கும் டி.ஓ.ஓ. அல்லது வி.ஓ.ஓ. முறைக்கு முன்கூட்டியே மாற்றுகிறார்கள். முடிந்ததும் பழையபடி திருப்பாமல் விட்டால், சொந்தத் துடிப்பின் மேலேயே அடித்து, அரிதாக ஆபத்தான படபடப்பைக் கிளப்பும். தானே திரும்பும் மாடல்களும் உண்டு.

ராமநாதபுரம் கரைக்காரருக்குச் சிக்கலே இந்த இடத்தில்தான். பெட்டியின் முறையை மாற்றும் கருவிக்கு ப்ரோகிராமர் என்று பெயர்; ஒரு கம்பெனி ப்ரோகிராமர் இன்னொரு கம்பெனிப் பெட்டியோடு பேசாது. சரியான கருவியோடு ஆள் மதுரையிலிருந்து வருவதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் வரும் நாளைக் கேட்ட பிறகே ஸ்கேனுக்கு நாள் குறியுங்கள். போனிலேயே பெட்டி, லீட் மாடல் எண்கள், வைத்த தேதி (பொதுவாக 6 வாரம் கழிய வேண்டும்), மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்பதைப் பேசிவிடுங்கள்.

உள்ளே ஈ.சி.ஜி.யும் விரலில் ஆக்சிமீட்டரும், அறைக்கு வெளியே டிஃபிப்ரிலேட்டரும் (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) தயாராக இல்லாத சென்டரில் படுக்க வேண்டாம். தாலிச் சங்கிலியில் தொங்கும் ஊக்கு, தாயத்து எல்லாம் கழற்றியாக வேண்டும். படகு இன்ஜின் பட்டறையில் கிரைண்டிங் செய்தவர் என்றால் கண்ணில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று எக்ஸ்ரே கேளுங்கள்.

பழைய மாடல் என்றதும் விரட்டுவதும் சரியில்லை. 2017-இல் வெளியான மேக்னாசேஃப் பதிவேட்டில், கண்டிஷனல் அல்லாத கருவி வைத்தவர்களுக்கு 1.5 டெஸ்லாவில், நெஞ்சு தவிர்த்த பகுதிகளில் 1,500 ஸ்கேன்கள் எடுத்தார்கள். ஸ்கேனின்போது யாரும் இறக்கவில்லை, லீடும் பழுதாகவில்லை. தேர்ந்த கண்காணிப்பில் நடந்தவை அவை.

கிளம்பும்முன், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பேஸ்மேக்கர் சோதனை பிரின்ட்டையும் கேட்டு வாங்குங்கள். மோடும் (முறை) வேகமும் ஒன்றாக இருந்து, த்ரெஷோல்டும் (இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவையான குறைந்தபட்ச மின் அளவு) பெரிதாக மாறவில்லை என்றால் ராமேஸ்வரம் பஸ் ஏறலாம்.