கால்சியம் மாத்திரை: கார்பனேட்டா, சிட்ரேட்டா?

மதுரை கோரிப்பாளையம் பக்கம் எந்த மெடிக்கல்ல போயி "கால்சியம் மாத்திரை குடுங்கண்ணே"ன்னு கேட்டாலும் பெரும்பாலும் கார்பனேட் வகையத்தான் எடுத்து நீட்டுவாங்க, ஷெல்கால் பிராண்ட் மாதிரி. விலையும் கம்மி, எங்கயும் கிடைக்கும். எங்கம்மாவுக்கு டாக்டர்கிட்ட கேட்டு இன்னொரு வகையான சிட்ரேட்டுக்கு மாத்திட்டோம், அதனால நான் எந்தக் கட்சின்னு இப்பவே தெரிஞ்சிருக்கும்.

ரெண்டும் எலும்புக்குத்தான், ரெண்டுலயும் வைட்டமின் டி3 சேந்த மாத்திரையே நிறைய வருது, அதுல பேச ஒண்ணும் இல்ல.

கார்பனேட்ல எடைக்கு 40 சதவீதம் கால்சியம், 1250 மி.கி. மாத்திரை ஒண்ணு போட்டா 500 மி.கி. கால்சியம், கணக்கு முடிஞ்சது. சிட்ரேட்ல 21 சதவீதம்தான், அட்டைல சிட்ரேட் 1000 மி.கி.ன்னு போட்டிருந்தா உள்ள கால்சியம் 210 தான், அதனால மாத்திரையும் கூட, காசும் கூட.

ஆனா விஷயமே வயித்துலதான் இருக்கு. கார்பனேட் கரையணும்னா வயித்துல ஆசிட் வேணும், அதான் சாப்பாட்டோட போடச் சொல்றாங்க. நம்மூர்ல ராத்திரி புரோட்டா சால்னா, கறி தோசைன்னு அடிச்சிட்டு காலைல வெறும் வயித்துல பான்டாப்ரசோல்ங்கிற கேஸ் மாத்திரை போடுற வீடு எத்தன! எங்கம்மாவும் டெய்லி போடுறவங்கதான். அந்த மாத்திரைக்கு வேலையே ஆசிட்ட கொறைக்கிறது, அப்புறம் கார்பனேட் எங்க ஒழுங்கா கரையும்? சிட்ரேட்டுக்கு இந்தத் தொல்ல இல்ல, சாப்பிட்டும் போடலாம் சாப்பிடாமயும் போடலாம். இதுல தைராய்டு மாத்திரை வேற, எந்தக் கால்சியமா இருந்தாலும் அதுக்கும் இதுக்கும் 4 மணி நேரம் கேப் விடணும், இரும்புச்சத்து மாத்திரையோடயும் சேத்துப் போடக்கூடாது. அம்மா சாயங்காலம் சீரியல் பாக்குறப்ப ஒண்ணு போட்டுக்கிறாங்க, சோலி முடிஞ்சது. முன்னாடி இருந்த வயிறு உப்புசமும் மலச்சிக்கலும் இப்ப ரொம்பக் கொறஞ்சிருச்சு.

எலும்பு வலுவாச்சான்னு கேட்டா, ஸ்கேன் எதுவும் எடுத்துப் பாக்கல, வயித்து விஷயம் மட்டும்தான் நாங்க கண்கூடா பாத்தது.

கேஸ் மாத்திரை பக்கமே போகாம நேரத்துக்குச் சாப்பிடுற ஆளுன்னா கார்பனேட்டே போதும், வீணா செலவழிக்காதீங்க. கிட்னில கல்லு வந்தவங்க மட்டும் ரெண்டுல எதையும் டாக்டர கேக்காம தொடாதீங்க. எதுவா இருந்தாலும் ஒரே நேரத்துல 500 மி.கி. கால்சியத்துக்கு மேல போட்டா உடம்பு சரியா எடுத்துக்காது, பிரிச்சுப் போடுங்க. கேழ்வரகுக் கூழ் குடிக்கிறவங்க அதையும் கணக்குல சேத்துக்கங்க, 100 கிராம் கேழ்வரகுலயே 350 மி.கி. வாக்குல கால்சியம் இருக்கு.