தினச் சொட்டா, மாதப் பொட்டலமா?

எங்கள் மகளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் ஒரு மரபணு நோய். போன வருடம் வைட்டமின் டி குறைந்திருந்தபோது வாரம் ஒரு 60,000 யூனிட் பொட்டலம் வீதம் எட்டு வாரம் கொடுத்தோம். அதன்பின் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ள டாக்டர் இரண்டு வழி சொன்னார்: மாதம் ஒரு பொட்டலம், அல்லது தினமும் சொட்டு மருந்து. முதலில் பொட்டலம்தான் எடுத்தோம். இப்போது சொட்டுக்கு மாறிவிட்டோம்.

விலையிலும் மெனக்கெடலிலும் பொட்டலம்தான் லாபம், சந்தேகமே இல்லை. வெயில் போதாதா என்று உறவினர்கள் கேட்பார்கள். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

எங்களை மாற்றியது செரிமானம். இந்த நோயில் பெரும்பாலானோருக்குக் கணையக் குழாய் அடைபட்டு, கொழுப்பைச் செரிக்கும் என்சைம் குடலுக்கு வந்து சேர்வதில்லை. வைட்டமின் டி கொழுப்போடுதான் உடம்பில் ஏறும். நாங்கள் பொட்டலத்தை இரவுப் பாலில் கலக்கிக் கொடுத்தோம். பாலிலும் கொழுப்பு உண்டு, அதற்கும் என்சைம் மாத்திரை வேண்டும் என்பது தோன்றவே இல்லை. ஒரு மாதம், குடித்த கொஞ்ச நேரத்தில் இருமி இருமி வாந்தி எடுத்துவிட்டாள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, மறுபடி கொடுக்கவும் பயம், ஏனென்றால் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மாதம் முழுவதற்குமான மருந்து ஒரே இரவில் போனது. சொட்டு மருந்தில் அப்படி நடந்தால் போவது ஒரு நாள் கணக்குதான். காலை இட்லி, நல்லெண்ணெய் குழைத்த பொடி, என்சைம் மாத்திரை, கூடவே சொட்டு. மறக்க வழியே இல்லை.

நுரையீரலுக்கு எது நல்லது என்றால், சொட்டுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இந்த நோயோடு நெஞ்சுத் தொற்று முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 91 பெரியவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2019இல் வெளியானது. வைட்டமின் டி பெற்றவர்களுக்கு ஒரேயடியாக 2,50,000 யூனிட், மூன்று மாதம் கழித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 50,000 யூனிட். அடுத்த தொற்று தள்ளிப்போகவில்லை. அதற்காகத் தினச் சொட்டு காப்பாற்றும் என்றும் ஆகிவிடாது. எலும்புக்காகவாவது ரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் எங்கள் குறி. மாறி மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் 34 இருந்தது. இது ஒரே பிள்ளையின் கணக்கு. என்சைம் தேவைப்படாத பிள்ளைக்குப் பொட்டலமே போதுமாக இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். மாதப் பொட்டலம்தான் கொடுக்கிறீர்கள் என்றால், என்சைமோடு, மதியச் சாப்பாட்டில் கொடுங்கள்.