மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்தார்கள்

ஈரோட்டில் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மளிகைக் கடைத் தராசு, மஞ்சள் மண்டித் தராசு, நகைக் கடைத் தராசு எல்லாம் என் மேசைக்கு வரும். வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போட அதிகாரி வருவதற்கு முந்தைய வாரம் எனக்குத் தூக்கம் கிடையாது. அளவு என்று வந்துவிட்டால் கொஞ்சம் முசுடு என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மையத்தில் என் மகளுக்கு நரம்பியல் உளவியல் மதிப்பீடு, அதாவது நினைவு, வேகம், யோசிக்கும் திறன் ஆகியவற்றில் மூளை எப்படி வேலை செய்கிறது என்று அளக்கும் சோதனை, செய்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. மகளின் மதிப்பெண்களை இங்கே எழுதப் போகிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவள் யாரென்று தெரிந்துவிடும்.

ஏழு வயதில் மொபெட்டிலிருந்து விழுந்தாள். ஓட்டியவன் நான். இடது காதை ஒட்டிய மண்டை எலும்பில் முறிவு, உள்ளே இரத்தக் கசிவு. டிஸ்சார்ஜ் சம்மரியில், சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ அளவு 9 என்று இருந்தது. 3 முதல் 15 வரை போகும் அந்த அளவில் 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பினோம் என்று அப்போது நினைத்தேன். பத்தொன்பது நாளில் வீட்டுக்கு வந்தாள், நடந்தாள், சிரித்தாள், தம்பியை அடித்தாள். இடது காதின் கேட்கும் திறன் மட்டும் திரும்பவில்லை.

மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதலில் பூஜ்யம் வரத் தொடங்கியது. கணக்கு பாதியில் நிற்கும். மதியத்துக்கு மேல் மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவாள். ஒரு காது கேட்கிறதே, மருத்துவர்கள் விட்டுவிட்டார்களே, பிறகென்ன என்று நாங்களும் கடிந்துகொண்டோம். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் வழியில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் செவித்திறன் குறைபாட்டை வரையறுக்கும்போது ‘இரு காதுகளிலும்’ 60 டெசிபல் இழப்பு என்கிறது. ஒரு காது முழுவதும் போன குழந்தை அந்த வரிக்கு வெளியே நிற்கிறது.

பள்ளியில் சொன்னார்கள் என்று முதலில் உள்ளூரில் ஓரிடத்துக்குப் போனோம். நாற்பத்தைந்து நிமிடம். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடியது. பரிசோதித்தவர் மகளின் இடது பக்கம் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேள்விகளைப் படித்தார். நான் காதைப் பற்றிச் சொன்னேன். “வலது காது நார்மல்தானே சார்” என்றார். ஒரே ஒரு தாள் தந்தார்கள்: நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 78, சராசரிக்கும் குறைபாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டு நிலை. எந்தச் சோதனையை வைத்து அளந்தார்கள் என்று தாளில் இல்லை. எடைக்கல்லைக் காட்டாமல் எடை மட்டும் எழுதிய ரசீது. அந்த 78ஐ ஐந்து மாதம் கடையின் பணப்பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். தினமும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். “அதை எதற்குக் காசோடு வைத்திருக்கிறீர்கள்?” என்று மனைவி ஒரு நாள் கேட்ட பிறகுதான் கோயம்புத்தூருக்குத் தேதி வாங்கினேன்.

தேதி கிடைக்கவே ஏழு வாரம் ஆனது. கட்டணம் ஒன்பதாயிரம். முன்கூட்டியே தொலைபேசியில் ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை வரைபடம்), சி.டி. ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு வருடப் பள்ளி நோட்டுகள், அவளுக்குப் பிடித்த தின்பண்டம் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். நோட்டுகள் எதற்கு என்று நினைத்தேன். மகளைப் பரிசோதித்த உளவியலாளர் அம்மாள் அரை மணி நேரம் அவற்றைத்தான் புரட்டினார், காலையில் எழுதிய பக்கங்களையும் மாலையில் எழுதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

முதல் பத்து நிமிடம் நானும் அறைக்குள் இருந்தேன். உள்ளே வந்ததும் மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். “அம்மணி, நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் உனக்கு வசதி?” என்று மகளிடமே கேட்டு, நாற்காலியை வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொன்னார்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். மகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடுமாம். டேனியல் லிங் என்பவர் உண்டாக்கிய முறை. காது எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மூளையைத் தொட்டார்.

எனக்கு அந்த இடத்திலேயே பாதி திருப்தி. நகைக் கடைத் தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு எதற்கு? காற்று பட்டாலே மில்லிகிராம் ஆடும். தட்டைக் காலியாக வைத்துச் சுழியம் காட்டுகிறதா என்று பார்க்காமல் தங்கத்தை வைக்கிற ஆசாரியை நான் பார்த்ததில்லை.

பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவில் சிறு கண்ணாடி இருந்தது, மறைவாகப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கினாள். விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுக்கும் ரேவனின் வண்ணப் படங்கள் 36 உண்டு, அதில் வார்த்தையே வேண்டாம், விரலால் காட்டினால் போதும். ஒரு சிக்கலான கோட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தாள், அரை மணி கழித்து அதையே நினைவிலிருந்து வரைந்தாள். பதினொன்றரை மணிக்கு அவள் கன்னத்தைக் கையில் தாங்கினாள். அவ்வளவுதான், அந்த அம்மாள் பொருட்களை மூடிவிட்டார். மீதி அடுத்த நாள். “களைப்பில் வரும் தவறு எனக்குத் தேவைதான், ஆனால் அதை எல்லாச் சோதனையிலும் கலந்துவிடக் கூடாது” என்றார். ஈரோட்டிலிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டுமே என்று முனகினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முடிவைச் சொல்ல ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு மனத்தில் நின்றது ஒரு தாள். பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லி, இப்படி ஐந்து சுற்று நடத்தியிருக்கிறார். மகள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். ‘மலை’ என்ற இடத்தில் ஐந்து சுற்றிலும் ‘வலை’. ‘தட்டு’ என்ற இடத்தில் ‘பட்டு’. அரை மணி கழித்துக் கேட்டபோதும் வலை, பட்டு. “மறந்த குழந்தை வலையையும் மறந்திருக்கும்” என்றார். வலை என்று விழுந்ததை வலை என்றே பத்திரமாக வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தால் தவறு, நினைவாற்றலில் குறையில்லை. உள்ளூர்த் தாளில் இதுபோல் எத்தனை வலைகள் பூஜ்யமாகிப் போயினவோ.

சந்தோஷத்தில் நான் அவசரப்பட்டேன். “அப்படியென்றால் எல்லாம் காதுதான், மூளைக்கு ஒன்றும் இல்லை, அப்படித்தானே மேடம்?” என்றேன்.

அவர் இன்னொரு தாளை எடுத்தார். எண்ணுக்கு நேரான குறியை இரண்டு நிமிடத்தில் எழுதிக்கொண்டே போகும் சோதனை. காதுக்கு அங்கே வேலையே இல்லை. மகள் ஒரு குறியையும் தப்பாக எழுதவில்லை. ஆனால் இரண்டாவது வரியின் நடுவில் நேரம் முடிந்துவிட்டது. ஒட்டுமொத்த ஈவு 91. அதைத் தனியாக எழுதாமல் 86 முதல் 96 வரை என்று பிழை எல்லையோடு எழுதியிருந்தார்கள், இது என் தொழில்காரனுக்குப் பிடித்த பழக்கம். வேகத்துக்கான ஈவு மட்டும் 74. நூறு என்பது சராசரி என்னும் கணக்கில் அது மிகவும் கீழே. இந்த வேகக் குறைவு தலைக் காயத்தின் மிச்சம், காதின் மேல் போட முடியாது என்று மெதுவாகச் சொன்னார். மொபெட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அறிக்கை ஏழு பக்கம், முழுவதும் ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கமாவது கேட்டேன், பத்து நாள் கழித்து அனுப்பினார்கள். கேட்காதவர்களுக்குக் கிடைக்குமா தெரியாது, கேளுங்கள். கையெழுத்துக்குக் கீழே, இத்தகைய உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருந்தது. அது இல்லாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், முத்திரை இல்லாத எடைக்கல் அது.

பள்ளியில் அந்தத் தமிழ்ப் பக்கத்தைத்தான் கொடுத்தேன். இப்போது இரண்டாவது வரிசையில் இடது சுவரோரம் உட்கார்கிறாள், நல்ல காது வகுப்பைப் பார்த்திருக்கிறது. பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து. சொல்வதெழுதுதலுக்கு ஆசிரியை பக்கத்தில் வந்து நின்று, முகம் தெரியச் சொல்கிறார். போன வாரம் இருபதுக்குப் பதினான்கு. கணக்கில் இன்னும் திணறுகிறாள். காயத்தின் சில விளைவுகள் பாடம் கூடக்கூடத்தான் வெளியே தெரியுமாம், அதனால் ஒன்றரை வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் இதே சோதனைகளை வேறெங்கும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார், பழகிய கேள்விக்கு வரும் மதிப்பெண் பொய் எடை காட்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். காது கேளாத குழந்தைகள் வந்து காத்திருக்கும் கூடத்தில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் சொன்னேன், இரண்டு நாளும் சத்தத்தைக் குறைத்தார்கள், நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள் ஏற்றிவிட்டார்கள்.